சொந்தக் காசில் வாங்கிய விசில்

ஐம்பது வயதைத் தாண்டியவன், அலமாரி நிறையப் புத்தகம் படித்தவன், பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன், ஒரு பிளாஸ்டிக் விசிலுக்காக ராத்திரித் தூக்கம் கெட்டுக் கிடந்தான் என்றால் நம்புவீர்களா? நம்புங்கள். அந்த ஆள் நான்தான். போன வருஷம் தை மாதம், உத்திரமேரூருக்கும் மானாம்பதிக்கும் நடுவில் ஏரிக்கரையை ஒட்டி இருக்கும் எங்கள் கலை அறிவியல் கல்லூரியில் நடந்தது இது.

விசிலுக்கு முன்னால் அதைக் கழுத்தில் மாட்டியிருந்தவரைச் சொல்லவேண்டும். வணிகவியல் துறைக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவருடைய குற்றங்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வகுப்புக்கு நேரத்துக்குப் போவார். மணி அடித்ததும் முடித்துவிடுவார். வழியில் அவரைப் பார்த்தால் மாணவர்கள் வண்டியை நிறுத்திப் பேசுவார்கள். என்னைப் பார்த்தால் வேகத்தைக் கூட்டுவார்கள். அவருக்குத் தொப்பை கிடையாது. முடி உண்டு. ஒரு மனிதனை வெறுக்க இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

கல்லூரிகளில் ஆபத்துக் காலத்தில் என்ன செய்வது என்று திட்டமிட ஒரு பாதுகாப்புக் குழு இருக்கவேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. எங்கள் ஊர் குழு அமைப்பதில் பேர்போனது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே குடத்துக்குள் ஓலை போட்டுக் குலுக்கி வாரியம் அமைத்தவர்கள் நாங்கள். எங்கள் முதல்வரின் முறை அதைவிடச் சுலபம். கடிதம் கையில் இருக்கும்போது அறைக்குள் யார் முதலில் நுழைகிறார்களோ, அவரிடம் "நீங்களே பாத்துக்கோங்க" என்று கொடுத்துவிடுவார். அன்று வணிகவியல்காரர் முதலில் நுழைந்தார். அவருக்கு ஓர் எட்டு பின்னால், கதவில் கை வைத்தபடி, நான்.

அந்தக் குடவோலை விதிகளை வெட்டி வைத்திருக்கும் எங்கள் ஊர்க் கல்வெட்டில் யாரெல்லாம் வாரியத்துக்கு ஆகாதவர்கள் என்று நீளமாகச் சொல்லியிருக்கிறது. கணக்குக் காட்டாதவன் ஆகாது, பிறர் பொருளை அபகரித்தவன் ஆகாது என்று போகும். பொறாமைக்காரன் ஆகாது என்று மட்டும் வெட்டவில்லை. வெட்டியிருந்தால் குடத்துக்குள் போட ஓலையே மிஞ்சியிருக்காது.

அவர் வேலையை எடுத்துக்கொண்டார் என்பது மட்டுமல்ல, நன்றாகச் செய்யவும் ஆரம்பித்தார். மாடிக்கு மாடி வெளியேறும் வழிக்கு அம்புக்குறி, தீயணைப்பு உருளை, முதலுதவிப் பெட்டி. ஆரஞ்சு நிறத்தில் ஒரு கையில்லாத கோட்டு தனக்குத் தைத்துக்கொண்டார். துறைக்கு ஒருவருக்கு விசில் கொடுத்தார். எங்கள் துறையில் மூத்தவன் நான். விசில் போனது அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த பெண்ணுக்கு.

பயிற்சி வகுப்புகள் நடந்தன. ஆசிரியர்கள் எல்லோரும் வரவேண்டும் என்றார்கள். போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லோருக்கும் தெரியும்படி, விடைத்தாள் திருத்தினேன். அவசரமாகத் திருத்தவேண்டிய தாள்களும் அல்ல அவை. அவர் பேசும்போது சிவப்பு மையால் பெரிதாகச் சுழிப்பதில் ஒரு சுகம் இருந்தது. அன்று அவர் சொல்லிக்கொடுத்தது இதுதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்: விசில் நீளமாக ஒரே மூச்சில் ஊதினால் எல்லோரும் கட்டடத்தை விட்டு வெளியேறி மைதானத்தில் கூடவேண்டும், விட்டு விட்டுக் குட்டி குட்டியாக ஊதினால் இருக்கும் அறையிலேயே கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கவேண்டும்.

வீட்டில் இரவுச் சாப்பாட்டு வேளை எனக்கு அவரைத் திட்டும் வேளை. ஒரு நாள் என் மனைவி சோறு போட்டுக்கொண்டே, "அந்த ஆளுக்கும் ஒரு தட்டு வச்சிடட்டா? தெனமும்தான் வராரே" என்றாள். அதற்கும் ரோஷம் வரவில்லை. மறுநாள் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் எனக்கே எனக்கென்று ஒரு விசில் வாங்கினேன். கடைக்காரர் காகிதத்தில் மடித்துக்கொண்டே, "பேரனுக்கா சார்?" என்றார். ஆமாம் என்றேன்.

பாதுகாப்பு விழிப்புணர்வு நாள் வந்தது. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் சிறப்பு விருந்தினர். விருந்தினர் வந்து உட்கார்ந்ததும் வணிகவியல்காரர் நீளமாக ஊதுவார், பிள்ளைகள் வகுப்பறைகளிலிருந்து வரிசையாக இறங்கி மைதானத்துக்கு வருவார்கள், விருந்தினர் கைதட்டுவார். இதுதான் ஏற்பாடு.

ஆனால் எங்கள் பக்கத்தில் பெரிய மனிதர் யாராவது வந்தால் வாசலில் பாண்டு செட்டும் சரவெடியும் இல்லாமல் உள்ளே அழைக்கமாட்டோம். கல்யாண மாப்பிள்ளை, கட்சிக்காரர், கபடிப் போட்டிக்குப் பரிசு கொடுக்க வருகிறவர், யாரானாலும் சரி. அது தாளாளர் வீட்டு ஆட்கள் பார்த்துக்கொள்ளும் வேலை. எந்தக் குழுவும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. தீ, வெள்ளம், பாம்பு, மின்கசிவு என்று அத்தனைக்கும் திட்டம் வைத்திருந்த கல்லூரியில், நூலகக் கட்டடத்தின் மேல்மாடிச் சன்ஷேடுக்கு அடியில் முறம் அகலத்துக்குத் தொங்கிய மலைத்தேனீக் கூட்டையும் கீழே வெடிக்கப்போகும் சரவெடியையும் சேர்த்து ஒரு தலையும் நினைக்கவில்லை. என் தலை உள்பட. அந்தக் கூட்டுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் நாங்கள்.

கார் நின்றது. பாண்டு முழங்கியது. சரவெடியைப் பற்றவைத்தார்கள். காற்று ஏரிப் பக்கமிருந்து வீசியதால் புகை மொத்தமும் நூலகத்தை நோக்கி ஏறியது. முதலில் மாடியில் யாரோ கறுப்புத் துணியை உதறியது போலத் தெரிந்தது. அந்தத் துணி கீழே விழாமல் காற்றில் விரிந்தது. பெரிய மேளம் வைத்திருந்தவர்தான் முதலில் புரிந்துகொண்டார். மேளத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்திருந்த விருந்தினர் அந்தக் காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அன்று சரியாக நடந்துகொண்ட முதல் மனிதர் அவர்.

இரண்டாவது, வணிகவியல்காரர். வாசல் முகப்பில் நின்று குட்டி குட்டியாக ஊதினார். மாடிகளில் ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவர் சொல்லிக்கொடுத்தது வேலை செய்தது. எனக்கு அந்த நேரத்தில் பயம்தான் பெரிதாக இருந்தது. ஆனால் பயத்தின் தோளுக்குப் பின்னாலிருந்து பொறாமையும் எட்டிப் பார்த்தது என்பதை மறைத்து என்ன பயன்? ஊர் நினைவில் இருக்கப்போகும் ஒரு நாளில் நானும் ஏதாவது செய்திருக்கவேண்டாமா? கை தானாகப் பைக்குள் போனது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் டவுன் பஸ் விசில்தான். ஒன்று அடித்தால் வண்டி நிற்கும். "எல்லோரும் அப்படியே நில்லுங்கள்" என்ற அர்த்தத்தில், நெஞ்சில் இருந்த அத்தனை காற்றையும் திரட்டி, நீளமாக ஊதினேன்.

எதிர்க் கட்டடத்தின் கதவுகள் திறந்தன. பிள்ளைகள் வந்தார்கள். ஓடாமல், தள்ளாமல், கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி, இரண்டிரண்டு பேராக. அந்தக் கல்லூரியில் அவ்வளவு ஒழுங்கான வரிசையை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. நேராகத் தேனீக்களுக்குள் வந்தார்கள்.

எனக்கு விளங்கவில்லை. நிற்கச் சொன்னால் வருகிறார்களே என்று இன்னும் பலமாக ஊதினேன். யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். என் துறை மூன்றாம் ஆண்டு மாணவி, மானாம்பதிப் பெண். வகுப்பில் வாயைத் திறக்காத பிள்ளை.

"சார்! வாய்லேர்ந்து அத்த எடு சார்! நீ ஊத ஊத புள்ளைங்க வெளிய வந்துக்கினே கீதுங்க! நீட்டா ஊதுனா வெளிய வரணும்னு அவுருதான் சொல்லிக்கீறாரு!"

விசில் என் வாயிலிருந்து தானாக விழுந்தது. அதற்குள் வணிகவியல்காரர் மைதானத்தின் நடுவுக்கு ஓடிவிட்டிருந்தார். முகத்தை மூடிக்கொள்ளவில்லை. இரண்டு கையையும் அகல விரித்து, ஆடு மடக்குவது போல, "உள்ள போ! திரும்பு! உள்ள போ!" என்று வரிசையைத் திருப்பினார். ஒரு பையன் பயத்தில் தரையில் உட்கார்ந்து கைகளை வீசிக்கொண்டிருந்தான். ஆரஞ்சுக் கோட்டைக் கழற்றி அவன் தலைமேல் போட்டு அவனை இழுத்துக்கொண்டு வந்தார். கடைசிப் பிள்ளையும் உள்ளே போன பிறகுதான், நானும் மாணவியும் ஒதுங்கியிருந்த அலுவலக அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். கழுத்திலும் முகத்திலும் கொடுக்குகள் முள் போல நின்றன.

"எனக்கு ஒண்ணுமில்ல சார். எல்லாப் பசங்களும் உள்ள வந்துட்டாங்களான்னு பாருங்க" என்றார் என்னிடம். போன் போட்டு மாடி மாடியாக விசாரித்துவிட்டுத் திரும்பினேன். எல்லோரும் உள்ளே இருந்தார்கள். நிறையப் பேருக்குக் கொட்டு, யாருக்கும் பெரிதாக இல்லை. அதைச் சொல்லத்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். முகம் வேறொருவருடையதாக இருந்தது. கண் இடுங்கி, உதடு தடித்து, மார்பெல்லாம் தட்டுத் தட்டாகச் சிவந்திருந்தது. ஏதோ பேச முயன்றார். தொண்டை அடைத்துக் குரல் வரவில்லை.

மாணவிதான் சொன்னாள். "சார், ஒதடு வீங்குது, மூச்சு வாங்குது பாருங்க. இப்டி ஆனா ஒரு நிமிசம்கூட காத்துக்கினு இருக்கக் கூடாதுன்னு இவுரே சொன்னாரு. ஊசி போடணும் சார்."

ஆம்புலன்ஸுக்குப் பேசினால், வண்டி வேறொரு விபத்துக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். என் பழைய கார் பின்வாசலில் நின்றது. ஆனால் வெளியே தேனீ. மேடைக்குக் கட்ட வைத்திருந்த ஃபிளெக்ஸ் பேனரை நான் உருவினேன். 'பாதுகாப்பே முதல் கடமை' என்ற வாசகமும் சிறப்பு விருந்தினரின் சிரித்த முகமும் எங்கள் தலைக்கு மேல் வர, மூன்று பேரும் அதற்கடியில் நகர்ந்து காரை அடைந்தோம். நானும் அந்தப் பெண்ணும் அவரைப் பின்சீட்டில் சாய்த்து உட்காரவைத்தோம். அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

அறுவடைக் காலம். தை வந்தால் எங்கள் ஊர்ச் சாலையில் பாதி சாலையாக இருக்காது, களமாக இருக்கும். நெல்லைக் காயப்போட்டுச் சுற்றிலும் கல் அடுக்கியிருந்தார்கள். எதிரே ஒரு டிராக்டர் வந்தது. நான் பிரேக்கை மிதித்தேன்.

"இன்னா சார், நின்னுக்கினு கீற! நெல்லு மேல உடு சார்!"

விட்டேன். கல் தெறித்தது, நெல் தெறித்தது. மரத்தடியிலிருந்து ஒரு அம்மா எழுந்து ஓடிவந்து, "கண்ணு அவிஞ்சா பூட்ச்சி ஒனக்கு? நீ துன்ற சோறுதான்டா அது!" என்று கத்தியது கடைசி வரை காதில் கேட்டது.

இப்போது நான் சொல்லப்போவதை எழுதலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். அவரை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போகும்போதே என் மனம் ஒரு கணக்குப் போட்டது. இவர் போய்விட்டால் இவர் படத்தை முகப்பில் மாட்டுவார்கள். புதுக் கட்டடத்துக்கு இவர் பெயர் வைப்பார்கள். வருஷா வருஷம் நினைவுச் சொற்பொழிவு நடக்கும். நன்றியுரை என் தலையில் விழும். நான் ஓய்வுபெறும் வரை இந்த மனிதரை ஜெயிக்கவே முடியாது. சாகக் கிடக்கிறவர்மீதும் பொறாமைப்பட ஒருவனால் முடியும் என்பதை அன்று நேரில் கண்டேன், என் காருக்குள்ளேயே.

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. மெல்லியதாக, நீளமாக. யாரோ ஊதுகிறார்கள் என்று நினைத்தேன். அவர் மூச்சு அது. அடைத்த தொண்டையில் நுழைய இடம் தேடிக்கொண்டிருந்தது. அன்று நான் கேட்ட மூன்றாவது விசில். முதல் விசிலை அவர் பிள்ளைகளுக்காக ஊதினார். இரண்டாவதை நான் எனக்காக ஊதினேன். மூன்றாவது, இரண்டாவதால் வந்தது.

"சார், கண்ணத் தொறங்க சார். தூங்காதீங்க. இதோ வந்துட்ச்சி" என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் குரலில் அழுகை ஏறியிருந்தது. படமும் கட்டடமும் நன்றியுரையும் என் மனதிலிருந்து எங்கே போயின என்று தெரியவில்லை. இந்த ஆள் நாளைக்கும் நேரத்துக்கு வகுப்புக்குப் போகட்டும், பிள்ளைகள் வண்டியை நிறுத்தி இவரோடு பேசட்டும், முடியும் தொப்பையின்மையும் இவரிடமே இருக்கட்டும் என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமியிடம் என்று கேட்காதீர்கள். எல்லா மதத்திலும் ஒரு சுற்று வந்திருப்பேன்.

அரசு ஆஸ்பத்திரி வாசலிலேயே தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். டாக்டர் தொடையில் ஊசி போட்டார், ஆக்சிஜன் வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சத்தம் குறைந்தது. வெளியே வந்த டாக்டர் என்னைத் தேடி வந்தார். பாராட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன். "வாசல்ல குறுக்க நிக்கிற கார் உங்களதா? மொதல்ல எடுங்க" என்றார்.

காரை நகர்த்திவிட்டு வந்த பிறகுதான் என் காது எரிவது தெரிந்தது. எனக்கும் ஒரு கொட்டு. நர்ஸிடம் காட்டினேன். திருப்பிப் பார்த்து, "ஒண்ணுதானா?" என்றார். அந்தக் குரலில் இருந்த ஏமாற்றம் இன்னும் வலிக்கிறது.

மாலைக்குள் கல்லூரியே ஆஸ்பத்திரியில் இருந்தது. இளநீர், ரொட்டி, பழம். முதல்வர் வராந்தாவில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "எவனோ ஒரு கிறுக்கன் தப்பா ஊதியிருக்கான். அப்பவும் பசங்க விதிப்படி எப்படி வரிசையா வந்தாங்க பாத்தீங்களா? டிரெய்னிங்னா அது டிரெய்னிங்!" என் தப்பும் அவருடைய பெருமைக் கணக்கில் போய்ச் சேர்ந்தது. மாணவி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த டெங்கு விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு கட்டிலருகே போனேன். "அந்தக் கிறுக்கன் நான்தான்" என்றேன்.

"தெரியும் சார்" என்றார். குரல் இன்னும் கரகரப்பாக இருந்தது. "பாத்தேன். யாரோ ஒருத்தர் பதட்டத்துல மாத்தி ஊதினாலே கெட்டுப்போற மாதிரி ஏற்பாடு பண்ணது என் தப்பு சார். இனிமே மைக்ல வாயால சொல்லிடணும். தேன்கூட்டையும் நான் பாத்திருக்கணும்." குற்றத்தைக்கூட எனக்கு விட்டுக்கொடுக்காமல் அவரே எடுத்துக்கொண்டார். அத்தனை பெரிய மனதின்மீதும் எனக்கு ஒரு கணம் பொறாமை வந்தது.

அந்த வாரமே தீயணைப்புத் துறையினர் இருட்டிய பிறகு வந்து கூட்டை அப்புறப்படுத்தினார்கள். கல்லூரி வாசலில் சரவெடி நின்றுபோனது. எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது, யாருக்கு ஆஸ்துமா என்றெல்லாம் சேரும்போதே கேட்டு வைத்துக்கொள்கிறோம். நெல் காயப்போட்ட அம்மாவைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "ஆளு பொயச்சிட்டாரா?" என்றுதான் முதலில் கேட்டார். இப்போது பயிற்சி வகுப்பில் நான் முதல் வரிசையில் உட்காருகிறேன். கையில் ஒரு தாளும் கிடையாது. பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். அது எனக்குச் சர்க்கரை வியாதி மாதிரி, மாத்திரையில் ஓடுகிறது. ஆனால் ஆபத்து நேரத்தில் முன்னால் போய் நிற்கவேண்டும் என்று கால் துடிக்கும்போதெல்லாம், அடைத்த தொண்டையில் வழி தேடிய அந்த மூச்சு எனக்குக் கேட்கிறது. நான் நின்ற இடத்திலேயே நின்று, சொல்கிறவர் என்ன சொல்கிறார் என்று கேட்கிறேன்.

அவர் தேறியதும் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு நன்றி சொல்ல வந்தார். அந்த அம்மா ஐயங்கார்குளம் கிராமத்துக்காரர், வெள்ளை மனது. காபியை வாங்கிக்கொண்டு கண்கலங்க என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க இல்லன்னா இவுரு இன்னிக்கு இல்ல சார். இத்தினி வருசமா ஒரே காலேஜில கீறீங்க, ஆனா வூட்ல ஒரு நாள்கூட உங்களப் பத்தி இவுரு ஒரு வார்த்த பேசினதே இல்ல. ஆமா, நீங்க இன்னா பாடம் சார் எடுக்கறீங்க?"